இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி எனத் தமிழ்நாட்டில் வழங்கும் அமைப்பு ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்புகளைக் கொண்டதாயினும் ஐந்து ஆசிரியர்களைக் கொண்டதன்று. அறுபது மாணவர் வரை இரண்டு ஆசிரியர் என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த கணக்கு. அதனால் சிற்றூர்ப் பள்ளிகள் பலவும் 'ஈராசிரியர் பள்ளி'களாகவே நடந்துவருகின்றன. அந்த இருவரில் ஒருவர் தலைமை ஆசிரியர்; மற்றவர் இடைநிலை ஆசிரியர், அதாவது பள்ளிப் படிப்புக்குப் பின் இரண்டாண்டு ஆசிரியர் பயிற்சி முடித்துத் தொடக்க வகுப்புகளுக்கெனப் பணியமர்த்தப்பட்டவர். தலைமை என்ற பெயர் இருப்பதால் முன்னவருக்கு வகுப்பெடுப்பதிலிருந்து விலக்கு ஏதும் கிடையாது; எழுத்து வேலை மட்டும் கூடுதலாக வந்து சேரும். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களின் எல்லையை ஒட்டிய மானாவாரி ஊர்களில் இத்தகைய பள்ளிகளின் அன்றாடத்தை நேரில் கண்டதன் அடிப்படையில், கிராமத்து ஆசிரியரின் வேலையை ஒரு கைத்தொழிலாக எடுத்துக்கொண்டு அதன் நுட்பத்தையும் கூலியையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பணி நிறைவு விழாக்களில் சால்வையோடு சேர்த்து வழங்கப்படும் 'அர்ப்பணிப்பு' என்னும் பாராட்டு அவருடைய மனத்தைச் சொல்கிறதேயன்றி வேலையைச் சொல்வதில்லை. வேலையைச் சொல்லாத பாராட்டு, வேலை கொடுப்பவருக்கு வசதியானது.

ஒரே அறையில் ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை ஒருசேர நடத்துவதைப் பல்வகுப்புக் கற்பித்தல் என்பர். இது பற்றாக்குறையால் அண்மையில் முளைத்த ஏற்பாடு அன்று. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் இதைத்தான் செய்தார். ஓரளவு படித்த பெரிய பையனைச் சட்டாம்பிள்ளையாக்கிச் சிறுவர்களை அவனிடம் விட்டுவிட்டு, எண்சுவடியும் நிகண்டும் படிப்போரைத் தாம் பார்த்துக்கொண்டார். 1822இல் தாமஸ் மன்றோ கேட்டுப்பெற்ற கணக்குப்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். வகுத்துப் பார்த்தால் பள்ளிக்குப் பதினைந்து பேர்; அந்தப் பதினைந்து பேரும் ஒரே பாடத்தில் இருந்திருக்க வழியில்லை. எழும்பூரில் படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கென நடந்த காப்பகத்தின் பொறுப்பாளரான ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இங்குள்ள பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதையும் மூத்தவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுப்பதையும் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்தி, 1797இல் இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. இன்றைய ஈராசிரியர் பள்ளியில் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முதல் வகுப்புக் குழந்தையின் கையைப் பிடித்து எழுத வைப்பதைக் காணும் மேற்பார்வை அலுவலர் அதை ஒழுங்கின்மை எனக் குறித்துவைப்பாரானால், குறை பள்ளியிடத்தில் இல்லை.

முறை பழையது என்பதால் எளியது ஆகிவிடாது. 2007-08இல் மாநிலம் முழுவதும் வந்த செயல்வழிக் கற்றல், பாடங்களை அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படி என்னும் வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏற வழிசெய்தது. குழந்தைக்கு எட்டும் உயரத்தில் சுவரோடு சேர்ந்த கரும்பலகையும், தன் வருகையைத் தானே பதிந்துகொள்ளும் பழக்கமும், வரைந்த படங்களைத் தொங்கவிடும் கம்பிப் பந்தலும் அப்போது வந்தவை. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் முதல் மூன்று வகுப்புகளின் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்தது. மூன்றாம் வகுப்பில் இருந்தும் எழுத்துக்கூட்ட வராத பிள்ளை அரும்பில் அமரும். திட்டங்களின் பெயர் மாறினாலும் ஆசிரியரின் உடல் செய்யும் வேலை மாறவில்லை. ஒரு குழுவுக்கு எழுதக் கொடுத்துவிட்டு அடுத்த குழுவிடம் செல்வதற்குள், முதல் குழு எவ்வளவு நேரத்தில் முடிக்கும் என்பதை அவர் கணித்திருக்க வேண்டும். குறைத்துக் கணித்தால் பாதியில் நிற்கும், கூட்டிக் கணித்தால் பென்சிலைப் பிடுங்கிய வழக்கு வரும். தேர்ந்த ஆசிரியர் வழக்கு வரும்வரை காத்திருப்பதில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் எழும் இரைச்சல் வேலை இரைச்சலா விளையாட்டு இரைச்சலா என்பதை அவர் காது பிரித்துவிடுகிறது. பயிற்சி நிறுவனத்தின் பாடத்திட்டத்தில் இதற்கு மதிப்பெண் இல்லை.

எழுத்தறிவித்தலின் வரிசையும் இவ்வாறே கைப்பழக்கத்தில் விளைந்தது. அரிச்சுவடி அகரத்தில் தொடங்குகிறது. ஆனால் பென்சிலை முதன்முதலில் பிடிக்கும் ஐந்து வயதுக் கைக்கு 'அ' கடினமான எழுத்துகளில் ஒன்று. சுழியும் வளைவும் படுத்த கோடும் நின்ற கோடும் ஒருங்கே அதில் வருகின்றன. இப்பகுதியில் பணியாற்றும் தலைமை ஆசிரியை ஒருவர் 'ட'வில் தொடங்குகிறார்: மேலிருந்து கீழே ஒரு கோடு, இடமிருந்து வலமாக ஒரு கோடு. வலப்பக்கம் இன்னொரு கோட்டை மேலே ஏற்றினால் 'ப'. அந்த இறுதிக் கோட்டை உள்ளே வளைத்தால் 'ம'. இம்மூன்றும் கைக்கு வந்ததும் புள்ளி வைக்கக் கற்றுத்தருகிறார். உடனே படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்கள் பிறந்துவிடுகின்றன. உயிரெழுத்து பன்னிரண்டையும் முடித்த பின்னும் ஓரெழுத்துச் சொல்லுக்கு மேல் எதையும் படிக்க முடியாமல் காத்திருக்கும் குழந்தையின் நிலையோடு ஒப்பிட்டால், மூன்று எழுத்தில் நான்கு சொல் என்பது சிறிய ஆதாயமன்று. கரும்பலகையில் 'பட்டம்' என்று எழுதிப் புள்ளிகளை மட்டும் விட்டுவிட்டு, எங்கே வைப்பது என்று அவர் கேட்கும்போது, வரிசையில் காத்திருக்கப் பொறுமையின்றிக் குழந்தைகள் சுண்ணாம்புக்கட்டிக்காகக் கை நீட்டுகின்றனர். முதலில் வந்த பையன் வைக்கும் புள்ளி பெரும்பாலும் இரண்டாம் 'ட'வின் தலையில் போய் உட்காருகிறது. அதை அழிக்காமல் அப்படியே வாசிக்கச் சொல்வதுதான் அவர் கொடுக்கும் திருத்தம். வாயில் நுழையாத அந்தச் சொல்லைக் கேட்டு வகுப்பே சிரிக்க, பையன் தானாகவே புள்ளியை இடம் மாற்றுகிறான்.

பள்ளியின் பொருள்களையும் முற்காலத்தில் ஆசிரியரே செய்துகொண்டார். ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவது வாடிக்கையான வேலை; இலை பறித்துவருவது பிள்ளைகளின் பங்கு. இப்போது வண்ணமும் தொலைக்காட்சித் திரையும் வந்துவிட்டன. பழையதை எண்ணி ஏங்குவதற்கு ஒன்றும் இல்லை.

வகுப்பறைக்கு வெளியே ஆசிரியரின் கை பதிந்த இடங்களில் முதன்மையானது சேர்க்கைப் பதிவேடு. குழந்தையின் பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், சாதி ஆகியவற்றைப் பள்ளியில் சேரும் நாளில் குறித்துவைக்கும் நிலையான ஆவணம் இது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தாலும் சிற்றூர்களில் அது பழக்கமாகப் பல ஆண்டுகள் பிடித்தன; அதுவரை ஊராரின் பிறந்த நாள்களை நிர்ணயித்தவர் ஆசிரியரே. கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி மறுபக்கக் காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து வயது. பள்ளி ஜூனில் திறப்பதால், ஐந்து நிரம்பியதற்கு ஒத்துவரும் மே மாதத் தேதியோ ஜூன் மாதத் தேதியோ எழுதப்படும். ஆண்டுதோறும் மே 31 அன்று அரசு அலுவலகங்களில் ஓய்வுபெறுவோர் கூட்டம் மிகுவதற்கு வாத்தியாரின் பேனாவும் ஒரு காரணம். பெயர்களிலும் அந்தப் பேனா தலையிட்டது. பிச்சை என்றும் மூக்கன் என்றும் வீட்டில் வழங்கிய பிள்ளைகள் பதிவேட்டில் பாஸ்கரனாகவும் முருகேசனாகவும் ஏறினர். பெற்றோர் பலருக்கு அது பெருமை, சில பாட்டிமாருக்கு நேர்ந்துகொண்ட தெய்வத்திடம் பொய் சொன்னதாகக் குற்ற உணர்வு. சாதிச் சான்றிதழ் கேட்கும்போது வருவாய்த் துறையினர் முதலில் பார்க்கும் தாள்களில் ஒன்று மாற்றுச் சான்றிதழ், அதாவது பேச்சு வழக்கில் 'டி.சி.'; அது பதிவேட்டின் நகல் என்பதால், சேர்க்கை நாளில் விழும் ஓர் எழுத்துப்பிழை ஒரு குடும்பத்தைப் பல ஆண்டுகள் தாலுகா அலுவலகத்துக்கு நடக்க வைக்கும். ஊர்க்காரர் ஆசிரியரிடம் காட்டும் மரியாதையில் அன்பு எவ்வளவு, இந்த அச்சம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஊர் அவரிடம் எதிர்பார்ப்பவை காலத்துக்கேற்ப மாறிவந்திருக்கின்றன. மணியார்டர் படிவமும் சிங்கப்பூர்க் கடிதமும் இருந்த இடத்தில் இன்று ஆதார் திருத்தமும் மகளிர் உரிமைத்தொகை விண்ணப்பமும் இருக்கின்றன. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றதற்காகப் பெரிதும் நினைக்கப்படுகிறது. அது அப்படி நினைக்கப்பட வேண்டியதுதான். ஆயினும் பகலில் பிள்ளைகளுக்கும் இரவில் தெருவிளக்கின் கீழ் அவர்களுடைய தாய்மாருக்கும் பாடம் சொன்ன தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் உழைப்பு அந்தச் சைக்கிள் படங்களின் ஓரத்தில்கூட இடம்பெறவில்லை. அறுவடைக்குப் பின் ஆட்டுமந்தைகளை ஓட்டிக்கொண்டு தஞ்சை வயல்களுக்குக் கிடை போடச் செல்லும் கீதாரிக் குடும்பங்கள் இப்பகுதியில் உண்டு. கிடை என்பது எருவுக்காக வயலில் இரவு முழுவதும் ஆடுகளை அடைத்துவைப்பது. அக்குடும்பத்துப் பிள்ளை திடீரென ஒரு நாள் வராமல் போனால், நீண்ட நாள் வராதவர் பட்டியலில் சேர்க்க விதி கேட்கிறது. மந்தை எந்த ஊரில் இறங்கியிருக்கிறது என்று கைப்பேசியில் விசாரித்து, தாத்தாவிடமாவது பிள்ளையை விட்டுச்செல்லும்படி அடுத்த ஆண்டுக்கு முன்கூட்டியே பேசிவைப்பது ஆசிரியரின் வழக்கம். "டீச்சரம்மா சொன்னா விட்டுட்டுப் போறேன், ஆனா ராத்திரிக் கஞ்சிக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்கும் தாயிடம் அவருக்கு ஆயத்தமான விடை இருப்பதில்லை. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்ததால் இப்போது இரண்டு வேளைக்கு விடை உண்டு. மூன்றாவது வேளை இன்னும் தாத்தாவைச் சேர்ந்தது.

ஊரின் அன்பு எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்துவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஆசிரியருக்கு வகுப்பறையில் வணக்கம் கிடைக்கும். அதே ஊரில் வாடகைக்கு வீடு கிடைக்காது. 'எந்த ஊரு சார்' என்று தொடங்கும் விசாரணை எங்கே போய் முடியும் என்பது அவருக்குத் தெரியும். ஆசிரியர் ஊரிலேயே தங்குவதில்லை, பேருந்து பிடித்து ஓடிவிடுகிறார் என்று குறைப்படுவோர் இந்தக் காரணத்தைச் சேர்த்துக்கொள்வதில்லை.

குடும்பக் கணக்கு தனி. கிராமத்து ஆசிரியர்களில் பலர் தம் குடும்பத்தின் முதல் மாதச் சம்பளக்காரர்கள். ஆகவே தங்கையின் திருமணத்துக்குப் பி.எஃப். கடன், தம்பியின் படிப்புக்குச் சொசைட்டி கடன் (ஆசிரியர்கள் தமக்குள் நடத்தும் சிக்கன நாணயச் சங்கத்தின் கடன்) எனப் பிடித்தங்கள் போக எஞ்சியதே வீட்டுக்கு வருகிறது. 2009 ஜூன் 1க்கு முன் சேர்ந்த இடைநிலை ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 8,370 ரூபாயாகவும், அந்நாளிலோ அதன் பின்னரோ சேர்ந்தவருக்கு 5,200 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டதால், ஒரே பயிற்சி பெற்று ஒரே வேலை பார்க்கும் இருவரிடையே விழுந்த பள்ளம் ஆண்டுகள் செல்லச் செல்ல அகன்றது. 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வைக்கப்பட்டனர். அவ்வாண்டு ஜூலை வேலைநிறுத்தத்தில் அரசு ஊழியரும் ஆசிரியருமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே ஆணையில் வேலையிழந்து, பின்னரே மீண்டும் சேர்க்கப்பட்டனர். பெண் ஆசிரியர்களுக்கு இவற்றோடு நேரமும் ஒரு கடன். விடியுமுன் சமைத்து, முதல் பேருந்தைப் பிடித்து, கிளைச் சாலையில் இறங்கி ஷேர் ஆட்டோவில் பள்ளி சேரும் ஒருவரின் 'குடும்பப் பற்று' என்று புகழப்படுவது, உறக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கப்படும் நேரமே. இதே ஆசிரியர்களில் பலர் தம் பிள்ளைகளை நகரத்து ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்திருக்கின்றனர். ஊர் இதைக் கவனிக்காமல் இல்லை. நேரில் கேட்பதில்லை, அவ்வளவே. இதில் ஆசிரியர் தரப்பில் சொல்லப்படும் விளக்கங்கள் எதுவும் முழுமையாக ஏற்கத்தக்கதாக இல்லை.

அலுவல் சுமையில் 'எமிஸ்' தனி இடம் பெறுகிறது. கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை என்னும் இணையப் பதிவைத்தான் ஆசிரியர்கள் அப்பெயரால் குறிக்கின்றனர். வருகை, உயரம், எடை, சீருடை அளவு என அனைத்தும் அதில் ஏற வேண்டும். கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் இடம் வேப்பமரத்தடி என்றால், ஒரு வகுப்பு வேப்பமரத்தடிக்கு மாறுகிறது. வாக்காளர் பட்டியல், தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆகியவை வரும் காலங்களில் இருவரில் ஒருவர் வெளியே செல்ல, மற்றவரிடம் ஐந்து வகுப்பும் சேர்கிறது.

மே மாதம் விடுமுறை என்று பெயர். உண்மையில் அது ஆள் சேர்க்கும் மாதம். தனியார் பள்ளிகளின் மஞ்சள் நிற வேன்கள் ஊருக்குள் நுழையத் தொடங்கிய பின், அங்கன்வாடிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று, சீருடை, புத்தகம், இரண்டு வேளை உணவு ஆகியவற்றை எடுத்துச் சொல்வது ஆசிரியரின் வேலையாகிவிட்டது. சட்டக் கணக்கில் மாணவர் எண்ணிக்கை 61ஐத் தொட்டால்தான் மூன்றாம் ஆசிரியர் கிடைப்பார். மேற்சொன்ன தலைமை ஆசிரியையின் பள்ளியில் இருப்பது அதில் பாதியை ஒட்டிய எண்ணிக்கை. மூன்றாம் ஆசிரியர் வந்தால் சேர்க்கை கூடும் என்பது அவர் கணிப்பு. சேர்க்கை கூடினால் மூன்றாம் ஆசிரியரைத் தரலாம் என்பது அலுவலகத்தின் விடை. இவ்வாண்டுக்கு அவர் குறித்துவைத்திருக்கும் குழந்தைகளில் இருவரின் குடும்பங்கள் திருப்பூருக்குப் பெயர்வதாகப் பேச்சு இருக்கிறது. அவர்களிடம் இன்னொரு முறை பேசிப்பார்க்க வேண்டும் என்கிறார்.