கெமராவா, லென்ஸா?

போன வருடப் பரிசளிப்பு விழா முடிந்த அடுத்த நாள், கட்டாரில் வேலை செய்யும் ஒரு வாப்பா எங்களுக்கு வொய்ஸ் ஒன்று அனுப்பியிருந்தார். "சேர், மகன் மேடைல பரிசு எடுக்கிற போட்டோ ஒன்டு அனுப்பி விடுங்களே." மூன்று போட்டோ எடுத்திருந்தோம். மூன்றிலும் பின்னால் கட்டியிருந்த பேனரின் எழுத்து தெளிவு; பிள்ளையின் முகமும் கையும் கலங்கிப் போயிருந்தன. வகுப்பறை ஜன்னலோரம் சான்றிதழோடு நிற்க வைத்து வேறொன்று எடுத்து அனுப்பினோம். நன்றி சொன்னார். பிறகு, "மேடைல எடுத்தது இல்லையா சேர்?" என்று கேட்டார்.

பாடசாலை ஊடகக் குழுவில் நாங்கள் மூன்று ஆசிரியர்கள். எங்களிடம் இருப்பது கெனன் 1200டி; 2014இல் வந்த மொடல், அதோடு சேர்ந்து வந்த 18-55 லென்ஸ். பழைய மாணவர்களும் பெற்றோரும் சேர்த்துத் தந்த ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபா கைவசம் இருந்தது. அந்த வாப்பாவும் அதில் பங்கு தந்தவர். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய பிறகு, இந்தக் காசுக்குப் பாவித்த பொடி ஒன்றுதான் சரிவரும். எங்களில் இரண்டு பேர் பொடி என்றோம், ஒருவர் லென்ஸ் என்றார். உண்மையைச் சொன்னால், பெரிய கெமராவைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் ஆசையும் எங்களுக்கு இருந்தது.

கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவர்தான் தடுத்தார். "வாங்க முதல் அதே மண்டபத்துல எடுத்துப் பாருங்க சேர்." மஃரிபுக்குப் பிறகு அவருடைய பொடியையும், 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸையும் கொண்டு வந்தார். அதே லைட்டைப் போட்டோம். எங்களில் ஒருவர் அதிபர், இன்னொருவர் மாணவன். பரிசுக்கு ஒரு சிஆர் கொப்பி.

எங்கள் லென்ஸை 55க்கு இழுத்தால் அதன் வாய் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. ஐஎஸ்ஓ 1600 வைத்தும் ஷட்டர் 1/20 செக்கன்தான் கிடைத்தது. அந்த நேரத்துக்குள் கை நீட்டி வாங்கும் பிள்ளை அசைந்து விடுவான். லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் நம்முடைய கை நடுக்கத்தைப் பிடிக்கும். அவனுடைய அசைவைப் பிடிக்காது. பேனர் தெளிவாக விழுந்த காரணம் அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. 50 எம்எம் லென்ஸை அதே பழைய கெமராவில் மாட்டி எஃப் 2 வைத்ததும் ஷட்டர் 1/160க்கு வந்தது. எட்டு மடங்கு வெளிச்சம்.

அவருடைய புதிய பொடியில் எங்கள் பழைய லென்ஸையும் போட்டுப் பார்த்தோம். ஐஎஸ்ஓவைக் கூட்டினாலும் புள்ளி குறைவாகத்தான் விழுந்தது, அதை மறைக்கக் கூடாது. விளையாட்டுப் போட்டிக்கு என்றால் பொடியைத்தான் எடுத்திருப்போம். எங்களுடையது செக்கனுக்கு மூன்று படத்தோடு மூச்சு வாங்கும். ஆனால் எங்கள் கவலை மேடைதான். நாளைக்குக் கெனனின் மிரர்லெஸ் பொடி வாங்கினாலும் அடாப்டர் போட்டு இதே லென்ஸைப் பாவிக்கலாம்.

லென்ஸை வாங்கினோம். குறையும் உண்டு. முதல் நாள் எஃப் 1.8இல் எடுத்ததில் அதிபரின் தாடி ஒவ்வொரு மயிராகத் தெரிந்தது, பக்கத்தில் நின்ற பிள்ளை புகைக்குள் நின்றது. இப்போது எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200 வைக்கிறோம். ஷட்டர் அதே 1/160, இரண்டு முகமும் தெளிவு. கடற்கரை ஊர் என்பதால் பூஞ்சணத்துக்குப் பயந்து, மூடி இறுகிய சாப்பாட்டுப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்திருக்கிறோம். உம்மாமார் வீட்டில் சும்மா கிடக்கும் அந்தச் சின்னப் பைகளை எறியாமல் தந்தால் உதவி. பில்லும் மிச்சக் காசின் கணக்கும் அலுவலக அறிவித்தல் பலகையில் இருக்கின்றன. மிச்சத்தில் இன்னும் கை வைக்கவில்லை.

இன்னொன்று. இந்த லென்ஸில் சூம் கிடையாது. கிட்டப் போகவும் விலகவும் நாங்கள்தான் நடக்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், இந்த முறை பரிசளிப்பு விழாவில் மேடைக்கு முன்னால் நடுப்பாதையில் தயவுசெய்து யாரும் கதிரை போட வேண்டாம்.