தாத்தா ரேடியோவும் ஒரு பலூனும்

சிற்றலை கேக்குற கிறுக்கு இருக்கிறவங்களுக்கான பதிவு இது. மத்தவங்க பால்கோவா பதிவுக்குத் தாவிடலாம் :-)

ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கிற எங்க தாத்தாவுக்குக் கண்ணு ரொம்ப மங்கிடுச்சு. டிவி, செல்போன் எதுவும் உதவாது. ரேடியோ ஒண்ணுதான் துணை. ராத்திரி 9.15-க்கு பிபிசி தமிழோசை கேட்டே பழகின மனுசன். 2017 ஏப்ரல் 30-ஓட அது சிற்றலையில நின்னுபோச்சு. சீன வானொலிக்கு லெட்டர் போட்டு வாங்கின அட்டைகள் இன்னும் டிரங்குப் பெட்டியில இருக்கு. மிச்சமிருக்கிற நாலஞ்சு நிலையத்தையும் வீட்டு எல்ஈடி பல்பு, இன்வெர்ட்டர், பக்கத்து வீட்டு சார்ஜர் எல்லாம் சேர்ந்து கொர்ர்ருனு முழுங்கிடுது. நான் வாங்கிக் குடுத்த சின்ன ரேடியோவோட கம்பி ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே கதைதான்.

சரி, மொட்டைமாடியிலருந்து தென்னைமரம் வரைக்கும் 20 மீட்டர் கம்பி கட்டியாச்சு. அதை அப்படியே கோஆக்சியல் கேபிள்ல முறுக்கி விட்டா என்ன ஆகும்? நீளக்கம்பியோட மின்மறுப்பு அலைவரிசைக்குத் தகுந்த மாதிரி மாறிக்கிட்டே இருக்கும். சராசரியா 450 ஓம்னு வச்சுக்குவாங்க. கேபிள் 50 ஓம். கணக்குப்படி 64 சதவீதம் திரும்பிப் போயிடும். நடுவுல 9:1 டிரான்ஸ்ஃபார்மர் வச்சா ரெண்டும் பொருந்திடும். மின்மறுப்பு சுத்து விகிதத்தோட வர்க்கமா மாறுறதால, 3:1 சுத்துனா போதும். பழைய டிவிக்குப் பின்னாடி ரிப்பன் வயரை மாட்டுவோமே ஒரு குட்டி டப்பா, அது இதுக்குத் தம்பி. 300 ஓமை 75 ஆக்கும், 4:1. கொடைக்கானல் பக்கம் பார்த்து நின்ன ஆன்டெனாவெல்லாம் அதை நம்பித்தான் இருந்துச்சு.

ராஜபாளையம் மில்லு ஊரு, மோட்டார் காயில் கட்டுற கடைக்குப் பஞ்சமில்ல. இனாமல் கம்பி அங்க கிடைச்சுது. ஃபெரைட் வளையம் (43 ரகம், ஒண்ணரை இஞ்ச்சுக்குக் கொஞ்சம் குறைச்சல்) மட்டும் ஆன்லைன்ல. கம்பிப் பக்கம் 15 சுத்து, கேபிள் பக்கம் 5 சுத்து. சுத்திக்கிட்டு இருக்கும்போது தாத்தா, "என்னய்யா அது?"ன்னார். "பலூன் தாத்தா." "பலூனா? ஆடிப்பூரத் தேருக்கு இன்னும் நாள் கெடக்கே!" கறாராச் சொன்னா இது பலூனும் இல்ல. சமநிலையான டைபோலை சமநிலையில்லாத கேபிளோட சேர்க்கிறதுதான் பலூன். நம்ம ஒத்தைக் கம்பிக்கு வேண்டியது அன்-அன். அதைச் சொல்லியிருந்தா இன்னும் பெரிய வம்பாகியிருக்கும்.

இனிதான் முக்கியமான சங்கதி. அந்த 64 சதவீதக் கணக்கைப் பார்த்து யாரும் பயந்துடாதீங்க. டெசிபல்ல அது 4.4தான், ஒரு எஸ் யூனிட்கூட இல்ல. சிற்றலையில சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தே குறையும், காதுக்குப் பெருசா வித்தியாசம் தெரியாது. நிஜமான ஆதாயம் வேற இடத்துல இருக்கு. ரெண்டு சுருளையும் ஒட்டாம தனித்தனியாச் சுத்தணும். கம்பிச் சுருளோட மறுமுனை வீட்டை விட்டுத் தள்ளி அடிச்ச எர்த் ராடுக்கு. கேபிளோட வெளிக்கூடு அந்த எர்த்தைத் தொடக்கூடாது. வீட்டு ஒயரிங்ல ஓடுற குப்பை கேபிளோட மேல்தோல் வழியா ஏறி ஆன்டெனாவுக்குள்ள நுழையுற வாசல் அப்பதான் அடைபடும். நெட்ல நிறையப் பேர் மூணு கம்பியை முறுக்கி ஒண்ணாச் சேர்த்துச் சுத்துறாங்க. மேட்சிங் கிடைக்கும், இந்தத் தடுப்பு கிடைக்காது. என் ஓட்டு தனிச் சுருளுக்குத்தான்.

மாட்டின அன்னிக்கு ராத்திரி 41 மீட்டர்ல கொர்ர் பாதிக்கு மேல அடங்கி, ஒரு தமிழ்க்குரல் தெளிவா மேல வந்துச்சு. தாத்தா ஒண்ணும் பேசல. நாற்காலியை ரேடியோ பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டார். பாட்டிதான், "சத்தத்தைக் குறைங்க, பத்து மணியாச்சு"ன்னு சத்தம் போட்டாங்க.

ஐப்பசி, கார்த்திகை இடி மழைக்கு முன்னாடியே கேபிளைக் கழட்டி வெளியே போட்டுடணும். அந்த வேலையைப் பக்கத்து வீட்டுப் பையன்கிட்ட ஒப்படைச்சிருக்கேன், சம்பளம் கால் கிலோ பால்கோவா.