இத்தலார் போகும் வழியில் இன்ஜின் ஏன் கொதிக்கிறது?

ஊட்டிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஏரி, தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா என்று மூன்றையும் பார்த்துவிட்டு மலை இறங்கிவிடுவார்கள். கூட்டம் பிடிக்காதவர்கள் எமரால்டு சாலையில் வண்டியைத் திருப்புகிறார்கள். முத்தோரை பாலாடாவில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தைத் தாண்டினால் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் பாத்திகள் படிப்படியாகப் பள்ளத்தாக்கில் இறங்கும். அந்த வழியில்தான் இருக்கிறது படுகர் ஊரான இத்தலார். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் மலைக்காய்கறி. அதற்கும் அப்பால் எமரால்டு அணை, அவலாஞ்சி.

சாலை குறுகல். எதிரே காய்கறி லாரியோ அரசுப் பேருந்தோ வந்தால், ஒருவர் ஒதுங்கி நின்றால்தான் மற்றவர் போக முடியும். சீசன் நாட்களில் இத்தலாருக்கு வந்து சேருவதற்குள்ளேயே கார் பல மணி நேரம் ஊர்ந்திருக்கும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். இந்த ஏற்றம் முழுவதையும் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஏறிவந்த கார், குன்னூரிலும் சேரிங்கிராஸிலும் நெரிசலில் நிற்கிறது. டேஷ்போர்டில் முள் மெல்லச் சிவப்பை நோக்கி நகர்கிறது. "இவ்வளவு குளிர்ற ஊர்ல இன்ஜின் எப்படிங்க சூடாகும்?" என்று பின்சீட்டிலிருந்து கேள்வி வருகிறது.

ஓடும்போதா, நிற்கும்போதா?

மலையில் வண்டி பார்க்கும் மெக்கானிக் பானெட்டைத் திறக்கும் முன்பே ஒரு கேள்வி கேட்பார்: "வண்டி ஓடும்போது சூடாகுதா அண்ணா, நிக்கும்போது சூடாகுதா?" பாதி விடை அதிலேயே இருக்கிறது.

கார் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நெரிசலில் அந்தக் காற்று இல்லை. அப்போது முழு வேலையும் ரேடியேட்டர் ஃபேனின் தலையில்தான். ஆகவே ஓடும்போது சரியாக இருந்து, நிற்கும்போது மட்டும் சூடேறினால் முதல் சந்தேகம் ஃபேன் மீது. அதைச் சோதிப்பது எளிது. இன்ஜின் ஓடும்போது ஏசியைப் போட்டால், பெரும்பாலான கார்களில் சிறிது நேரத்தில் ஃபேன் சுழலும் சத்தம் கேட்கும். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, ஒயரிங், மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஏசிக்குச் சுழலும் ஃபேன் சூட்டுக்குச் சுழலவில்லை என்றால் வெப்ப சென்சாரைக் கவனிக்கலாம். ஃபேன் தானாகவே சுழலத் தொடங்கலாம் என்பதால் கையை அருகே கொண்டுபோகக் கூடாது.

ஃபேன் நன்றாக ஓடியும் சூடு குறையவில்லையா? ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் உள்ள ஏசி கண்டென்சருக்கும் இடையே தூசி, பூச்சி, சருகு அடைத்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

மாறாக, ஏற்றத்தில் ஓடும்போதே சூடேறினால் சந்தேகம் வேறு பக்கம் போகும். கூலன்ட் குறைந்திருக்கலாம், ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், வாட்டர் பம்ப் பழுதாகியிருக்கலாம். மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கக்கூடும். கூலன்ட் டேங்கில் ஓயாமல் குமிழி, இன்ஜின் ஆயிலில் பால் கலந்த நிறம், புகைக்குழாயில் நிற்காத வெண்புகை ஆகியவை ஹெட் கேஸ்கெட் போனதன் அறிகுறிகள். அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல் கட்டி இழுத்துச் செல்வதே செலவைக் குறைக்கும்.

கருகல் வாசனை வந்தால் எல்லாமே இன்ஜின் அல்ல. ஏற்றத்தில் பாதி கிளட்சில் வண்டியை நிறுத்திப் பிடித்தால் கிளட்ச் தேயும் வாசனை வரும். இறக்கத்தில் வந்தால் அது பெரும்பாலும் பிரேக்.

மலை செய்யும் வேலை

உயரம் கூடக் கூட, தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை குறையும். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கார் இன்ஜின் சாதாரணமாக ஓடுவதே 90 டிகிரியை ஒட்டித்தான். அப்படியும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கக் காரணம், மூடி உள்ளே தேக்கிவைக்கும் அழுத்தம். பிரஷர் குக்கர் விசில் மாதிரிதான். மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் கசிந்தால், கீழே கோவையில் சமாளித்த வண்டி இங்கே கொதிக்கும். காற்றின் அடர்த்தியும் சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் அதே வேகத்தில் சுழன்றாலும் வெப்பத்தை அள்ளிச் செல்ல அங்கே காற்று குறைவு. ஊரின் குளிர் இதை ஓரளவு ஈடுகட்டும். முழுப் பாரத்தோடு ஏறும் பழைய வண்டிக்கு அது போதாது.

வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுவதிலும் ஆபத்து உண்டு. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, அவலாஞ்சிப் பக்கம் உறைபனி விழும், வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். இரவில் நிறுத்திய வண்டிக்குள் தண்ணீர் உறைந்தால் ரேடியேட்டர் வெடிக்கலாம். துருவும் உப்பும் படிவது தனி. வண்டிக் கையேட்டில் சொல்லியிருக்கும் கூலன்ட்டை, சொன்ன அளவில் ஊற்றுவதே சரி.

முள் ஏறினால்

ஏசியை அணைத்துவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். உள்ளே வேர்க்கும்தான், ஆனால் இன்ஜினின் சூட்டில் கொஞ்சம் கேபினுக்குள் வந்துவிடும். பாதுகாப்பான இடம் கிடைத்ததும் ஒதுக்குங்கள், வளைவில் நிறுத்த வேண்டாம். முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் இன்ஜினை உடனே அணைத்துவிடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் பீய்ச்சி அடித்து முகமும் கையும் வெந்துவிடும். குறைந்தது அரை மணி நேரமாவது காத்திருந்து, தொட்டுப் பார்த்துச் சூடு போன பிறகே திறக்கலாம். சூடான இன்ஜின் மீது பச்சைத் தண்ணீர் ஊற்றினால் உலோகம் விரிசல் விடும்.

கிளம்பும் முன்

2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 கோடையில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள் என்று வரம்பும் வைத்தார்கள். இ-பாஸ் எடுக்கும் நாளிலேயே கூலன்ட் அளவு, மூடி, ஃபேன், பெல்ட் நான்கையும் பார்த்துவிட்டால் வழியில் நிற்க வேண்டியிருக்காது.

இது சுற்றுலாக்காரர்களுக்கு மட்டுமான கணக்கு அல்ல. இத்தலார் போன்ற ஊர்களிலிருந்து காய்கறி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது. வழியில் ஒரு கார் கொதித்து நின்றால், பின்னால் நிற்கும் பிக்கப்பில் இருப்பது ஒரு விவசாயியின் பல மாத உழைப்பு. கேரட்டும் முட்டைகோஸும் வாடும், ஏலமும் போய்விடும். மலைச்சாலையில் நம் வண்டியை நல்ல நிலையில் வைத்திருப்பது, அந்தச் சாலையை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு நாம் தரும் மரியாதை.