சிவப்புப் பேனாவிலிருந்து விளம்பரத்துக்கு

நாற்பதை நெருங்கும்போது வேலை மாறுவது பற்றிப் பொட்டி தட்டும் நண்பர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். ஜாவாவிலிருந்து டாட்நெட், டெஸ்டிங்கிலிருந்து மேனேஜர் என்று. நம்ம கதை கொஞ்சம் வேறு. கமா போட்டும் கமா எடுத்தும் பதினைந்து வருஷம் சோறு தின்றவன் நான். எடிட்டர். (சினிமா எடிட்டரா என்று கேட்காதீர்கள். தங்கமணியின் சொந்தக்காரர்கள் இன்னும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள் :-)) 2019ல் அதை விட்டுவிட்டு, இங்கே சிங்கப்பூரில் ஒரு சின்ன விளம்பரக் கம்பெனியில் வாசகம் எழுதும் காப்பிரைட்டராகச் சேர்ந்தேன்.

முதலில் பழைய வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ்களில் வரும் கட்டுரைகளில் ஏகப்பட்டவை அச்சுக்குப் போகும் முன் சென்னையிலோ புதுச்சேரியிலோ யாரோ ஒருவர் மேசையைத் தாண்டித்தான் போகின்றன. அந்த மேசைகளில் ஒன்று என்னுடையது. 1906ல் முதல் பதிப்பு வந்த சிகாகோ மேனுவல்தான் எங்களுக்கு வேதம். (2024ல் 18வது பதிப்பு வந்திருக்கிறது. பழக்க தோஷம், புரட்டிப் பார்த்தேன்.) எடிட்டருக்குச் சொந்தமாக ஒரு வரி எழுத உரிமை கிடையாது. சந்தேகம் வந்தால் ஓரத்தில் கேள்வி எழுதலாம், அவ்வளவுதான். "அட்டவணையில் 42 என்று இருக்கிறது, கட்டுரையில் 24. எது சரி?" இதற்குப் பெயர் ஆத்தர் கொயரி. நாள் முழுக்க இதே ஆணிதான்.

அப்புறம் ஏன் மாறினாய் என்றால், கமா பார்க்கும் வேலையை மென்பொருளே செய்ய ஆரம்பித்துவிட்டது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கிடைத்த காசு ஏறவே இல்லை, பையன் ஸ்கூல் செலவு மட்டும் ஏறியது. பி.ஆர். கையில் இருந்ததால் விசா பயமில்லாமல் வேலை மாற முடிந்தது. சம்பளம் கால் பங்கு குறைந்தது. ஆறு மாதம் சோதனைக் காலம். தங்கமணி கணக்குப் போட்டுப் பார்த்து, "ஒரு வருஷம் தாங்கும், பாருங்க" என்றாள்.

பலமனேருக்குப் போன் போட்டுச் சொன்னேன். நைனா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "ஏம்ப்பா, இத்தினி வருஷம் தப்பு கண்டுபிடிச்சு சம்பாதிச்ச. இனிமே பொய் சொல்லி சம்பாதிக்கப் போறியா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பதில் அவருடைய கடையிலேயே இருந்தது என்று பிற்பாடு தோன்றியது. கொஞ்சம் கொசுவத்தி சுத்துகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பலமனேர் தெரியாதவர்களுக்கு: சித்தூரிலிருந்து பெங்களூர் போகிற வழியில் மலையேறினால் வரும் ஊர். மேற்கே போனால் முல்பாகல், கன்னடம். தெற்கே இறங்கினால் குடியாத்தம், தமிழ். சித்தூர் மாவட்டம் 1911ல் உருவானது. 1953 அக்டோபர் 1 வரை மதராஸோடு இருந்தது, அன்றைக்கு ஆந்திரா ஆனது. 1960ல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தபோதும் பலமனேர் அங்கேயேதான் இருந்தது. என் தாத்தா வீட்டுத் திண்ணையை விட்டு நகராமலே மாநிலம் மாறியவர் :-)

நைனா விதைக்கடை வைத்திருந்தார். தக்காளி போடும் விவசாயிகள்தான் வாடிக்கை. வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கு. ஆகவே கடை வாசல் பலகையில் தமிழ் வார்த்தைகளைத் தெலுங்கு எழுத்தில் எழுதுவார் நைனா. என்ன விதை, பொட்டலம் எவ்வளவு, எத்தனை நாளில் காய்ப்பு. மூன்றே வரி. "அமோக விளைச்சல்" என்று கம்பெனிக்காரன் கொடுத்த போஸ்டரை உள்ளே, மூட்டைக்குப் பின்னால் ஒட்டுவார். கேட்டால், "மழை வரலன்னா என்னைத்தானே வந்து கேப்பான்?" என்பார். வாசகம் எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய பாடம் எந்தக் காலேஜிலும் கிடையாது.

புதிய வேலையில் சேர்ந்தபிறகு பழைய விளம்பரங்களைத் தேடித் தேடிப் படித்தேன். 1958ல் டேவிட் ஓகில்வி ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு எழுதியது ரொம்பப் பிரபலம். அறுபது மைல் வேகத்தில் போகும்போது காருக்குள் பெரிய சத்தமே மின்சாரக் கடிகாரத்தின் சத்தம்தான் என்பது அதன் சாரம். அது அவர் கற்பனை இல்லை. ஒரு மோட்டார் பத்திரிகையின் தொழில்நுட்ப ஆசிரியர் சொன்னது என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறார். உலகப்புகழ் விளம்பரத்துக்கு மூலம் ஒரு எடிட்டர் கவனித்த விஷயம்! நம்மூரில் எஸ்.எஸ்.வாசன் எதிர்த்திசையில் வந்தவர். பத்திரிகைகளுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், 1928ல் ஆனந்த விகடனை வாங்கினார். இரண்டு தெருவும் பக்கத்துப் பக்கத்துத் தெருதான் என்று எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

நான்காவது மாதம் சோதனை வந்தது. ஊருக்குப் பணம் அனுப்பும் ஒரு கம்பெனிக்குத் தமிழ் விளம்பரம். இங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று என்றாலும், பல விளம்பரங்கள் ஆங்கிலத்தில் பிறந்து கடைசி நேரத்தில்தான் தமிழுக்கு வரும். இதுவும் அப்படித்தான். தலைப்பு தயாராக இருந்தது: "கட்டணம் இல்லை". நான் அதைத் தமிழில் அழகாகச் சொல்ல வேண்டும், அவ்வளவே.

கை பழக்கத்தில் ஓரத்தில் ஒரு கொயரி எழுதியது: "மாற்று விகிதம் என்ன?"

கணக்கு இதுதான். ஆயிரம் வெள்ளி அனுப்புகிறீர்கள். சந்தை விகிதம் வெள்ளிக்கு 62 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டணமே இல்லாதவர் 61 தருகிறார், வீட்டுக்குப் போவது 61,000. இன்னொருவர் 5 வெள்ளி கட்டணம் வாங்கிக்கொண்டு 61.90 தருகிறார், போவது 61,590. இலவசம்தான் 590 ரூபாய் அதிகச் செலவு! பணம் அனுப்பும் மொத்தச் செலவை 2030க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று ஐ.நா. இலக்கே வைத்திருக்கிறது. கட்டணத்தை மட்டும் பார்த்தால் அந்தக் கணக்கு வராது, விகிதத்தில் மறைவதையும் சேர்க்க வேண்டும்.

"நீங்க இன்னும் எடிட்டராவே இருக்கீங்க" என்றார் மேலதிகாரி. சோதனைக் காலத்தில் அப்படிக் கேட்டால் வயிறு கலங்கும். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் பணம் அனுப்ப வரிசையில் நிற்கிறவர்கள் ஞாபகம் வந்தது. அவர்களில் யாரும் "கட்டணம் எவ்வளவு" என்று வீட்டுக்குப் போன் செய்வதில்லை. "எவ்வளவு வந்துச்சு" என்றுதான் கேட்பார்கள். அதையே தலைப்பாக்கினேன். அனுப்பும் முன்பே வீட்டில் எத்தனை ரூபாய் கிடைக்கும் என்று காட்டுகிறோம் என்பது அடுத்த வரி. வாடிக்கையாளர் பாதி ஒப்புக்கொண்டார். பெரிய பேனரில் பழைய தலைப்பே போனது. துண்டுப் பிரசுரத்தில் என்னுடையது, ரூபாய்க் கணக்கோடு. பாதி ஜெயம். வேலையும் நிலைத்தது.

நைனாவுக்கு அந்தத் துண்டுப் பிரசுரத்தை அனுப்பினேன். தமிழ் அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். படித்துவிட்டு, "நம்ம பலகை மாதிரி இருக்குது" என்றார். அவரிடமிருந்து வந்த உச்சபட்சப் பாராட்டு அதுதான்.

எடிட்டிங்கிலிருந்து இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு இரண்டே விஷயம். இலக்கண அறிவு இங்கே அவ்வளவாக விலை போகாது, ஓரத்தில் கேள்வி கேட்கிற புத்தி போகும். அதை விட்டுவிடாதீர்கள். வேலையை விடும் முன், தெருவில் பார்க்கும் விளம்பரங்களில் இருபதை எடுத்து, உங்கள் வீட்டுப் பெரியவருக்குச் சொல்வதுபோலத் திருப்பி எழுதிப் பாருங்கள். எழுத வந்தால் வாருங்கள்.

பி.கு: அடுத்த முறை ஊருக்குப் பணம் அனுப்பும்போது கட்டணத்தைக் கேட்காதீர்கள். "வீட்டுக்கு எத்தனை ரூபாய் போய்ச் சேரும்?" என்று இரண்டு கடையில் கேளுங்கள். காப்பிரைட்டர் சொல்கிறேன், நம்பலாம் :-)