பீருக்குள்ளே கொத்தமல்லி

கோவாவுக்கு லீவில் போயிருந்த ஆபீஸ் நண்பர் திரும்பும்போது நாலு பாட்டில் பீர் வாங்கி வந்தார். விமானத்தில் ஸ்ரீ விஜயபுரம் (2024 வரை போர்ட் பிளேர் தான்), அங்கிருந்து கப்பலில் ஹட் பே. இத்தனை தூரம் உடையாமல் வந்ததே பெரிய விஷயம். அதில் ஒன்று என் பங்குக்கு.

பெல்ஜியம் பாணி கோதுமை பீராம். சின்ன ஆலையில் காய்ச்சியது. ஊற்றினால் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கலாக, வெளிர் மஞ்சளாக இருந்தது. கெட்டுப்போய்விட்டதோ என்று சந்தேகம். இல்லை, முளைகட்டாத கோதுமை சேர்ப்பதாலும் ஈஸ்டை வடிகட்டாமல் விடுவதாலும் அப்படித்தான் இருக்குமாம். கசப்பு ரொம்பக் கம்மி. லேசான புளிப்பு, ஆரஞ்சுத் தோல் வாசனை, அப்புறம்... ரொம்பத் தெரிந்த ஒரு வாசம்.

என்னவென்று பிடிபடவில்லை. தங்கமணி கிளாஸை மோந்து பார்த்துவிட்டு உடனே சொன்னாள், "என்னங்க, இது பச்சைக் கொத்தமல்லி விதைங்க. வறுக்காம இடிச்சா இப்படித்தான் மணக்கும்."

அதேதான்! நாம் பொடிக்கு மல்லியை வறுப்பதால் அதிலுள்ள எலுமிச்சை மாதிரியான மணம் அடங்கி வறுபட்ட வாசம் வந்துவிடுகிறது. அவர்கள் வறுக்காமல் நசுக்கி, கொதி முடியும் நேரத்தில் போடுகிறார்கள்.

இந்த பீருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பெல்ஜியத்தில் ஹூகார்டன் என்று ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் அங்கே முப்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள். ஒவ்வொன்றாக மூடி, கடைசி ஆலையும் 1950களில் நின்றுபோனது. அதோடு இந்த வகை பீரும் போச்சு. 1966ல் அதைத் திரும்பக் கொண்டுவந்தவர் பியர் செலிஸ் என்ற பால்காரர்! 1985ல் ஆலை தீப்பிடித்தது. பெரிய கம்பெனியின் பணம் உள்ளே வந்தது, கடைசியில் ஆலை அவர் கையை விட்டுப் போனது. மனிதர் அசரவில்லை. அறுபத்தைந்து வயதுக்கு மேல் அமெரிக்காவின் ஆஸ்டினுக்குப் போய், 1992ல் அதே பீரை மறுபடி காய்ச்சினார். 2011ல் காலமானார்.

அந்த பீரைக் குடித்து ருசி தெரிந்தவர்கள் ஊர் முழுக்க இருந்திருப்பார்கள். ஆனால் செலிஸ் சின்ன வயதில் பக்கத்து ஆலையில் கூடமாட வேலை செய்தவர். எதை எப்போது போடணும் என்பது கைக்குத் தெரியும். திரும்பக் கொண்டுவர முடிந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இது என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. ஒவ்வொரு வருஷமும் ஊரிலிருந்து அம்மா ரசப்பொடி அனுப்புகிறார்கள். அளவு கேட்டால், "ரெண்டு கை மல்லி, ஒரு கை மிளகு, வாசம் வந்ததும் இறக்கிடுப்பா" என்பார்கள். யார் கை? எந்த வாசம்? எழுதி வைத்துக்கொண்டால் மட்டும் வந்துவிடுமா? எங்களுக்கு ருசி தெரியும், அவ்வளவுதான். அம்மாவுக்கு எழுபத்தி நாலு வயசாகிறது.

மகளுக்குப் பரீட்சை முடிந்ததும் கப்பல் டிக்கெட் போட வேண்டும். இந்த லீவில் கோயில், கல்யாணம் எல்லாம் அப்புறம். முதல் வேலை, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் மூணு பேரும் மல்லி வறுப்பது. நான்தான் வாணலி பிடிக்கப்போகிறேன் :-)