மென்பலகையின் வன்மை

தமிழ் மெய்யெழுத்துகளை வல்லினம், மெல்லினம், இடையினம் என மூவகைப்படுத்திய நம் இலக்கண ஆசிரியர்கள், வலுவற்றவை எனக் கருதி மெல்லினத்துக்கு அப்பெயர் இட்டாரல்லர். ஒலிக்கும் தன்மை நோக்கியே இட்டனர். வகுப்பில் இதனை விளக்குங்கால் தங்கம், மஞ்சள், வண்டி, பந்து, தாம்பரம், கன்று எனச் சில சொற்களைக் கரும்பலகையில் எழுதுவது நம் வழக்கம். ஒவ்வொரு சொல்லிலும் வல்லெழுத்துக்கு முன்னே அதன் இனமாகிய மெல்லெழுத்து நிற்கக் காணலாம். அது தாங்கி நிற்பதனாலேயே வல்லெழுத்து அவ்விடத்துக் கரடுமுரடின்றி ஒலிக்கின்றது. தாங்குவது மெல்லினம், தாங்கப்படுவது வல்லினம்.

இவ்வியல்பு எழுத்துக்கு மட்டும் உரியதன்று, நாம் வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கும் உரியது என்பதை, அண்மையில் ஓர் அலைச்சறுக்குப் பலகையைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தபோது கண்டோம். தமிழாசிரியர்க்கும் அலைச்சறுக்குக்கும் என்ன உறவு என வினவலாம். உறவு நம் தமக்கையார் வழியில் வந்தது.

தமக்கையார் தாம்பரம் சானடோரியம் பகுதியில் வசிப்பவர். அவர்தம் ஒரே மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்கிறான். ஞாயிறுதோறும் வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் சென்று, வாடகைப் பலகையில் அலைச்சறுக்குப் பழகி வந்தான். மாலை நேரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஈராண்டுகளாகச் சேர்த்த பணத்தில் சொந்தப் பலகை வாங்க வேண்டும் என்பது அவன் ஆசை. தாயாரின் நெஞ்சமோ 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாளோடு கட்டுண்டு கிடப்பது. ஆழிப்பேரலை நம் கடற்கரைக் குடும்பங்களுக்குச் செய்ததைக் கண்டபின், கோவளம் தர்காவுக்குச் சென்றாலும் கடற்கரைப் பக்கம் காலெடுத்து வைக்காதவர். "நீ பார்த்துச் சரின்னு சொன்னா வாங்கிக்கட்டும் தம்பி, இல்லன்னா வேணாம்" என்று பொறுப்பு முழுவதையும் நம் தலைமேல் ஏற்றிவிட்டார். வேண்டாம் என்றால் ஈராண்டு உழைப்பின் மகிழ்ச்சியைப் பறித்தவராவோம். வேண்டும் என்று தவறான பலகைக்குத் தலையசைத்தால் பிள்ளையின் மண்டைக்கும் பல்லுக்கும் நாமே பொறுப்பாவோம். எனவே ஒரு ஞாயிறு காலை அவனுடன் நாமும் கோவளம் புறப்பட்டோம்.

கோவளம் இன்று அலைச்சறுக்குக்குப் பெயர்பெற்ற ஊர். உள்ளூர் மீனவரான மூர்த்தி மேகவன் 2012-ஆம் ஆண்டில் தொடங்கிய பள்ளியின் வழியே மீனவர் குப்பத்துப் பிள்ளைகள் பலர் அலைமேல் ஏறக் கற்றனர். சற்றுத் தெற்கே மாமல்லபுரத்தில் 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது. ஆகவே பிள்ளையின் ஆசையை வெறும் விளையாட்டுத்தனம் என ஒதுக்குவதற்கில்லை.

அவன் முன் இரண்டு பலகைகள் இருந்தன. ஒன்று, ஆறடி நீளமுள்ள, முன்பு ஒருவர் பயன்படுத்திய கண்ணாடியிழைப் பலகை. வெண்பளிங்கு போன்ற மேனி. வாளைமீன் போன்ற கூர்முனை. தட்டினால் 'டக்' என ஒலிக்கும் கடினம். மற்றொன்று, எட்டடி நீளமுள்ள புதிய மென்பலகை. பருத்த உடல், மழுங்கிய மூக்கு, பார்வைக்கு ஒரு மெத்தை போன்றது. மருமகன் மனம் முன்னதில் குடியேறிவிட்டது. "மாமா, அந்தப் பஞ்சுப் பலகை சின்னப் பிள்ளைங்க விளையாடுறது. நாலு மாசத்துல பிஞ்சுபோயிடும். இதுன்னா காலத்துக்கும் உழைக்கும்" என்றான். கடினமானதே நெடுநாள் உழைக்கும் என்னும் இந்த எண்ணம் அவனுக்கு மட்டும் உரியதன்று. நம்மில் பலர்க்கும் உரியதே.

அங்கிருந்த பயிற்றுநர் ஒருவர் மீனவர் குடும்பத்தவர். அவர் நம்மிடம் அதிகம் பேசவில்லை. கடினப் பலகையின் ஓரத்தில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பைக் காட்டினார். பிறகு மென்பலகையின் மேல் தம் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். பள்ளம் விழுந்தது, சிறிது நேரத்தில் அது தானே நிரம்பியது. "சார், தம்பி இன்னும் நூறு தடவை விழத்தான் போறாரு. விழும்போது பலகை எது மேல விழும்னு மட்டும் யோசிங்க" என்றார்.

அவர் சொன்னதன் பொருளைச் சற்று விரித்துரைப்போம். இரு பலகைகளுக்கும் உள்ளுடல் நுரைப்பொருளே. கடினப் பலகையில் அதன்மேல் கண்ணாடியிழைத் துணியைப் போர்த்திப் பிசினால் இறுக்குவர். அவ்வோடு மெல்லியது. பாறையிலோ படகிலோ மற்றொரு பலகையிலோ மோதினால் வெடிக்கும். வெடிப்பின் வழியே கடல்நீர் உட்புகுந்தால் பலகை கனக்கும்; உள்ளே அழுகல் நாற்றமும் தோன்றும். உடனே உலர்த்தி ஒட்டிச் செப்பனிட்டாலன்றிப் பிழைக்காது. மென்பலகையில், நாம் தெர்மாகோல் என வழங்கும் பொருளின் இனத்தைச் சேர்ந்த உள்ளுடலுக்கு மேலே மிருதுவான நுரைத்தோலும் கீழே வழுக்கும் நெகிழித் தகடும் பொருத்தப்பட்டிருக்கும். மோதலை அது எதிர்ப்பதில்லை, வாங்கிக்கொள்கிறது. வடுப்படும், வெடிப்பது அரிது.

இதனைக் கேட்டபோது நம் நினைவு பழைய சென்னைக் கடற்கரைக்குச் சென்றது. துறைமுகம் எழுவதற்கு முன், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளையும் பண்டங்களையும் அலைகளைக் கடந்து கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றில் பலகைகளை இணைக்க ஆணி அடிக்கவில்லை, தென்னங்கயிற்றால் தைத்தனர். உள்ளே விலாக்கட்டைகளும் இல்லை. அலை தூக்கி மணலில் எறியும்போது படகின் உடல் நெளிந்து கொடுத்தது. விறைப்பாகக் கட்டப்பட்ட ஐரோப்பியக் கப்பற்படகுகள் இவ்வலைகளில் உடைந்துபோகும் அபாயம் இருந்ததனால், வெள்ளையரும் நம் தையற்படகையே நம்பி இறங்கினர்.

கட்டுமரமும் இவ்வுண்மைக்குச் சான்று. அதற்குத் தேக்கைத் தேர்ந்தாரில்லை. மலைவேம்பு போன்ற எடைகுறைந்த மரங்களையே தேர்ந்தனர். கட்டைகளைக் கயிற்றால் பிணைத்தனர். கரை வந்ததும் கட்டவிழ்த்து உலர்த்தினர். நீர் ஊறிய மென்மரம் உலர்ந்தாலன்றி மறுநாள் மிதக்கும் திறன் குன்றும் என்பது அவர்தம் பட்டறிவு. ஆழிப்பேரலைக்குப்பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகிக் கட்டுமரங்கள் அருகிவிட்டன. எனினும் மென்மையானதைத் தேர்ந்து, அதனைப் பேணி நெடுநாள் உழைக்கச் செய்யும் அறிவு அக்கரையில் இன்னும் அருகிவிடவில்லை.

அலைச்சறுக்கின் தாயகமான ஹவாய்த் தீவுகளிலும் இதுவே நிலை. அங்குத் தலைவர்கள் ஏறிய நெடும்பலகைகள் 'விலிவிலி' என்னும் இலேசான மரத்தால் ஆனவை. அது நம் வேலிகளில் நிற்கும் கலியாண முருங்கையின் இனம். பின்னர் பால்சா மரமும், அதன்பின் நுரைப்பொருளும் வந்தன. 1971-இல் அமெரிக்கராகிய டாம் மோரி, படுத்துச் செல்லும் நுரைப்பலகையை உருவாக்கியபின் மென்பலகை எளியோர் கைக்கும் எட்டியது.

பனிநாட்டாரும் விதிவிலக்கல்லர். குல்மார்க்கிலும் ஆலியிலும் நம் நாட்டவரும் பனிச்சறுக்கு ஆடுகின்றனர். மேலைநாடுகளில் மேடுகளும் இரும்புக் கம்பிகளும் நிறுத்திய சறுக்குத் திடல்கள் உண்டு. அத்திடல்களில் ஆடுவோர் விரும்புவது எளிதில் வளையும் சறுக்குக் கட்டைகளையே. கம்பிமேல் வழுக்குங்கால் முனைகள் வளைந்து கொடுக்க வேண்டும். வழுவி இறங்கினாலும் ஆடுவோனைத் தூக்கியெறியலாகாது. ஆயினும் வளைந்தால் மட்டும் போதாது. இரும்போடு உரசி உரசித் தேயாதிருக்க விளிம்பின் எஃகு தடித்திருக்க வேண்டும். பாதத்தின் அடிப்பகுதி சற்று விறைப்பாக இருக்க வேண்டும். வளைய வேண்டிய இடத்தில் மென்மை. தேயும் இடத்தில் தடிப்பு. கடலாயினும் பனியாயினும் தேர்வின் இலக்கணம் இதுவே.

நிற்க. மென்பலகை அனைத்தும் நன்று எனவும் கூறற்கில்லை. மலிவான சில பலகைகளின் உள்ளே தாங்குசட்டம் இராது. அலை மடித்தால் நடுவில் முறிந்துவிடும். எனவே நீளவாக்கில் இரண்டு அல்லது மூன்று மரச்சட்டங்கள் உள்ளனவா எனக் கேட்டோம். மேல்தோல் ஓரங்களில் பிரிந்துள்ளதா என விரலோட்டிப் பார்த்தோம். அடித்தகடு உடலோடு ஒட்டியிருக்கிறதா, காற்றுக்குமிழ் உண்டா எனத் தட்டிப் பார்த்தோம். கணுக்காலில் கட்டும் கயிறு பலகையோடு சேருமிடம் உறுதியா என இழுத்துப் பார்த்தோம். அடியில் உள்ள செதில்கள் திருகாணியால் இருபுறமும் இறுகப் பொருந்தியுள்ளனவா, அவையும் வளையும் தன்மையனவா என நோக்கினோம். உடல் மெத்தென்றிருந்து செதில் கத்தியாயின் பயன் யாது? மிதப்பு என்பது மற்றொன்று. 60 கிலோ எடையுள்ள தொடக்கநிலையாளர்க்கு 60 லிட்டருக்கும் மேற்பட்ட கனஅளவு வேண்டும் என்பர். அந்த எட்டடிப் பலகை அதனினும் மிகுதியாகவே தாங்கவல்லது. ஆறடிப் பலகையோ அதில் பாதியளவே தாங்கும்.

மென்பலகைக்கும் குறை உண்டு. விரைவு குறைவு, கூர்மையாகத் திரும்பாது. தேர்ந்தவர்க்கு அது தடையே. மருமகன் இதனைச் சுட்டிக்காட்டியபோது மறுக்கவில்லை. "அலையின் முகத்தில் வெட்டித் திரும்பும் காலம் வரட்டும், அன்று கடினப் பலகையை நாமே வாங்கித் தருகிறோம்" என்று மட்டும் உரைத்தோம். அவன் முகம் வாடியது. சற்று நேரம் கடலையே நோக்கி நின்றான். பின்னர் மென்பலகையைத் தானே தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டான்.

வாங்கியது பாதி, பேணுவது மீதி. நம் ஊர் வெயில் மென்பலகைக்குக் கடலைவிடப் பெரும் பகை. மூடிய வண்டிக்குள்ளோ மொட்டைமாடியிலோ கிடத்தினால் வெப்பத்தால் தோல் பிரியும். நிழலில் வைத்தல், நன்னீரில் கழுவுதல், சிறு கிழிசலையும் உலர்த்தி ஒட்டுதல் என்னும் மூன்றையும் அவன் ஒழுங்காகச் செய்து வருகிறான். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் சீறும் நாள்களில் பலகை வீட்டைவிட்டு வெளியேறலாகாது என்பது தமக்கையார் விதித்த நிபந்தனை. அதனை அவன் இதுவரை மீறியதில்லை.

ஓராண்டு கடந்துவிட்டது. பலகையில் நகக்குறி போன்ற வடுக்கள் பல, வெடிப்பு ஒன்றுமில்லை. ஒருமுறை அலை அதனைப் புரட்டி அவன் கன்னத்தில் அறைந்தது. வீங்கிய கன்னத்தோடு வீட்டுக்கு வந்தவனைக் கண்ட தமக்கையார் பதறவில்லை. பலகையைத் தொட்டு, விரலால் அழுத்திப் பார்த்தாராம். அடுத்த ஞாயிறு தாமும் உடன்வருவதாகக் கூறிக் கோவளம் சென்றார். இருபதாண்டுகளுக்கும் மேலாக மிதிக்காத மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். மகன் அலைமேல் எழுந்து நின்ற ஐந்தாறு நொடிகளைப் பற்றி அன்று மாலை நம்மிடம் அரைமணி நேரம் பேசினார்.

மாணவச் செல்வங்களே, கற்கத் தொடங்குவோர் கையில் எத்தகைய கருவியைத் தருவது என்பது கடற்கரைக்கு மட்டும் உரிய வினாவன்று. விழுந்தவனை மீண்டும் காயப்படுத்தும் கருவியும், விழுந்தவனைக் கண்டு நகைக்கும் ஆசிரியரும் ஒன்றே. தேர்ந்தவர் கையாளும் பளபளப்பைக் கண்டு மயங்காதீர். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன், அது அடியை எவ்வாறு வாங்குகிறது, அடிபட்டபின் எவ்வாறு மீள்கிறது, நூறாவது முறை விழும்போதும் உடனிருக்குமா என மூன்றையும் கேளுங்கள். கட்டைவிரலை ஒருமுறை அழுத்தி எடுத்துப் பள்ளம் நிரம்புகிறதா எனப் பாருங்கள். நிரம்பினால் அதனை நம்பி அலையில் இறங்கலாம்.