காற்றில் மறைந்திருக்கும் நீர்: புதுக்கோட்டைக் கரையோரம் ஒரு கேரவன் பயணம்



முன்னாளில் பயணம் புறப்பட்டோர் கட்டுச்சோறும் கோரைப்பாயும் எடுத்துச் சென்றனர். இரவு வந்தால் சத்திரத்திலோ முஸாபிர்கானாவிலோ பள்ளிவாசல் திண்ணையிலோ தலை சாய்த்தனர். இன்றோ வீட்டையே சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு புறப்படும் காலம் வந்துவிட்டது. கட்டில், அலமாரி, சிறு அடுப்பு, குளிர்சாதனம் ஆகிய அனைத்தும் ஒரு வண்டிக்குள் அடங்கிவிடுகின்றன. ஒரு காலத்தில் திரைப்பட நடிகர்களுக்கு மட்டுமே உரியதென நாம் எண்ணியிருந்த ‘கேரவன்’, இப்போது குடும்பங்களின் வாகனமாகவும் ஆகி வருகிறது. கேரள அரசு 2021ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சுற்றுலாக் கொள்கையே வகுத்தது. ‘கேரவன்’ என்னும் சொல், பாலைவனங்களில் ஒட்டகங்களுடன் சென்ற பயணிகள் கூட்டத்தைக் குறிக்கும் ‘கார்வான்’ என்ற பாரசீகச் சொல்லின் வழிவந்தது என்பதும் நாம் அறிந்து மகிழத்தக்கதே.

வெளிநாட்டில் பாடுபட்டு விடுமுறையில் ஊர் திரும்பும் நம் பிள்ளைகள், வயது முதிர்ந்த பெற்றோரை நாகூருக்கும் ஏர்வாடிக்கும் அழைத்துச் செல்ல இத்தகைய வண்டிகளை வாடகைக்கு எடுக்கின்றனர். சிலர் பழைய வேனை வாங்கிப் படுக்கை அமைத்துக்கொள்கின்றனர். நோக்கம் நல்லதே. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓரிரவு தங்கி எழுந்ததும் பலரும் காணும் காட்சி ஒன்றுண்டு. கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழுகிறது, மெத்தை நசநசக்கிறது, அலமாரியில் வைத்த கிதாபுகளின் தாள் நெளிந்திருக்கிறது. மழையோ பெய்யவில்லை. அவ்வாறெனில் இந்த நீர் எங்கிருந்து வந்தது?

ஒரே மாவட்டம், இரு காற்று

இவ்வினாவுக்கு விடை காணப் புதுக்கோட்டை மாவட்டத்தைப் போன்ற பாடசாலை வேறில்லை. பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடற்கரை கிடையாது. 1948இல் அது இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. பின்னர் 1974 ஜனவரி 14 அன்று புதிய மாவட்டம் உருவானபோது, தஞ்சை மாவட்டத்திலிருந்த அறந்தாங்கிப் பகுதியும் அதன் கடலோரமும் இதனுடன் சேர்ந்தன. இதனால் ஒரே மாவட்டத்துக்குள் இரு வேறு காற்றுகள் வீசுகின்றன. கீரனூர், குடுமியான்மலை, திருமயம் பக்கம் செம்புறாங்கல்லும் பாறையுமான வறண்ட பூமி. நண்பகல் வெயிலில் ஈரத்துணி சிறிது நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும். கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் எனப் பாக் நீரிணையை ஒட்டிய ஊர்களிலோ இரவெல்லாம் கொடியில் கிடந்த துணியும் காலையில் ஈரமாகவே இருக்கும். நாகூரிலிருந்து ஏர்வாடிக்குக் கரைவழியே செல்வோர் இவ்வூர்களைக் கடந்தே ஆக வேண்டும்.

மண்பானையும் எவர்சில்வர் தம்ளரும்

கோடையில் மண்பானையின் புறத்தே ஈரம் கசிகிறது. அது பானைக்குள் இருந்த நீரே. நுண்ணிய துளைகளின் வழியே வெளிவந்தது. நன்னாரி சர்பத்தில் பனிக்கட்டி இட்ட எவர்சில்வர் தம்ளரும் புறத்தே வியர்க்கிறது. ஆனால் எவர்சில்வரில் துளை ஏது? அந்த நீர் தம்ளருக்குள்ளிருந்து வரவில்லை. சுற்றியுள்ள காற்றிலிருந்து வந்தது. இவ்விரண்டையும் பிரித்தறிபவரே வண்டியின் ஈரத்துக்கு மருந்து காண்பார்.

காற்று சூடாக இருக்கையில் மிகுந்த நீராவியைத் தாங்கும், குளிர்ந்தால் தாங்காது. 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்க வல்லது. 20 பாகையிலோ 17 கிராம்தான். கரையோரத்தில் 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஓர் இரவில், ஏறத்தாழ 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மீதும் அக்காற்று பட்டவுடன் நீர் முத்துகள் அரும்பிவிடும். நாமோ குளிர்சாதனத்தை 18 பாகையில் வைத்துப் போர்வைக்குள் சுருண்டுகொள்கிறோம். கூரைத் தகடு, சன்னல் சட்டம், குளிர்காற்று வரும் குழல் எல்லாம் சர்பத் தம்ளராகி விடுகின்றன. கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே புகும் கடற்காற்று அவற்றின் மீது நீரைக் கொட்டிவிட்டுப் போகிறது.

இதனுடன் நாமே சேர்க்கும் நீரும் உண்டு. உறங்கும் மனிதர் ஒருவர் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் மணிக்குச் சுமார் 40 கிராம் ஈரத்தை வெளியிடுகிறார். ஆறு பேர் எட்டு மணி நேரம் உறங்கினால் ஏறத்தாழ இரண்டு லிட்டர்! ஈரத் துண்டும், கொதிக்கும் தேநீரும் இக்கணக்கில் சேரவில்லை. ஒரு கிலோ சமையல் எரிவாயு எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை கிலோ நீராவி உண்டாகும் என்பதையும் தாய்மார்கள் கருத்தில் கொள்ளவேண்டும்.

கோட்டைப்பட்டினத்தில் ஒரு விடியற்காலை

சென்ற புரட்டாசியில் உறவினர் குடும்பத்தாருடன் இத்தகைய வண்டியொன்றில் கரையோரம் செல்லும் வாய்ப்பு எளியேனுக்கும் கிட்டியது. கோட்டைப்பட்டினத்தில் இராவுத்தர் அப்பா அடங்கியுள்ள தர்காவைக் கண்டபின், தெரிந்தவர் ஒருவரின் வீட்டு வளாகத்தில் வண்டியை நிறுத்தி, வீட்டிலிருந்தே மின்சாரம் இழுத்துக்கொண்டு தங்கினோம். சுபுஹுக்கு எழுந்தபோது கண்ணாடிகள் அனைத்தும் வெண்மூட்டமாக இருந்தன. பிள்ளைகள் உட்புறம் எவ்வளவு துடைத்தும் தெளியவில்லை. மூட்டம் வெளிப்புறத்தில் அல்லவா படிந்திருந்தது! உள்ளே குளிர்ந்த கண்ணாடி, வெளியே ஈரக்காற்று: தம்ளரின் கதையே இது. இதனால் தீங்கு ஏதுமில்லை. வெயில் ஏறியதும் மறைந்துவிட்டது.

ஆனால் பின்பக்க மெத்தையின் ஒரு மூலை மட்டும் தோய்ந்து கிடந்தது. ஓட்டுநர் தட்டிப் பார்த்து, “இது வியர்வை அன்று ஹஜ்ரத், ஒழுக்கு” என்றார். குளிர்சாதனம் காற்றிலிருந்து பிழிந்தெடுத்த நீர் ஒரு தட்டில் விழுந்து, குழாய் வழியே வெளியேற வேண்டும். வண்டியைத் திருத்தி அமைத்த பட்டறையில் அக்குழாயைப் படுக்கையின் அடியில் மேல்நோக்கி வளைத்து விட்டிருந்தனர். வளைவில் தூசியும் பாசியும் அடைத்து, நீர் திரும்பி வழிந்தது. வண்டி நின்ற இடமும் குழாய்க்கு எதிர்ப்புறமாகச் சரிந்திருந்தது. ஆக, ஒரே வண்டியில் மண்பானையும் இருந்தது. எவர்சில்வர் தம்ளரும் இருந்தது.

இந்நீர் பட்ட ஆடையுடன் தொழலாமா என்று உடன் வந்த தாயார் ஒருவர் வினவினார். தொழலாம். இது பனித்துளியைப் போன்று காற்றின் ஈரம் குளிர்ந்து உண்டான நீர். நஜீஸ் எதுவும் கலக்காத வரையில் இது தூயதே. இதனால் ஒளுச் செய்யலாம் என்றே இக்கால மார்க்க அறிஞர்கள் கூறுகின்றனர். தூசி படிந்திருந்தால் அது அழுக்கேயன்றி நஜீஸ் அன்று. எனினும் இதனைக் குடிக்கலாகாது. தட்டிலும் குழாயிலும் கிருமிகள் பெருகியிருக்கும்.

செய்ய வேண்டுவன

நண்பர்களே, குளிர்சாதனம் முதன்முதலில் மனிதனின் சுகத்துக்காகத் தோன்றியதன்று. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரத்தால் தாள் விரிந்தும் சுருங்கியும் வண்ணங்கள் இடம் மாறின. அவ்வீரத்தை அடக்கவே வில்லிஸ் கேரியர் என்னும் இளம் பொறியாளர் இக்கருவியை வடிவமைத்தார். அதனிடம் நாம் கேட்க வேண்டியது குளிரை மட்டுமன்று, உலர்ச்சியையும்தான்.

ஆகவே கரையோர இரவுகளில் 25 அல்லது 26 பாகையில் வைத்து, சிறு மின்விசிறியைச் சுழலவிடுங்கள். உடலுக்கும் இதம், சுவர்களும் வியர்க்கா. ‘டிரை’ என்ற நிலை இருப்பின் அதனைப் பயன்படுத்துங்கள். சிறிய வண்டிக்குப் பெரிய கருவி பொருத்துவதைப் பெருமையாகக் கருதாதீர்கள். அது நொடியில் குளிரூட்டி நின்றுவிடும். ஈரத்தைப் பிழிய அதற்கு நேரம் இராது. வடிகட்டியைக் கழுவாமல் விட்டால் குளிர்க்குழல்களில் பனி உறைந்து, பின்னர் அது உருகிச் சொட்டும். நீர்க்குழாய் வளைவின்றிக் கீழ்நோக்கிச் செல்லட்டும். வண்டியையும் அதன் பக்கமாகச் சற்றே சரிவாக நிறுத்துங்கள். குளிர்ந்த குழல்களின் மீது நுரைப்பஞ்சு உறை சுற்றினால் அவை வியர்ப்பது நிற்கும்.

கதவு, சன்னல்களின் இரப்பர் விளிம்பு கிழிந்திருந்தால் மாற்றுங்கள். குளிர்சாதனம் ஓடுகையில் கதவை அடிக்கடி திறவாதீர்கள். சமையலையும் துணி உலர்த்துவதையும் வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மெத்தையைப் பலகை மீது நேரே இடாமல், இடைவெளி விட்ட சட்டங்களின் மீது இடுங்கள். அடியில் காற்று உலவட்டும். ஈரமானி என்னும் சிறு கருவி குறைந்த விலையிலேயே கிடைக்கிறது. அதன் முள் 60 விழுக்காட்டுக்கு மேல் நெடுநேரம் நின்றால், பூஞ்சணம் பிடிக்க இடம் தருகிறோம் என்று பொருள். ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அப்பூஞ்சணம் பெரும் பகை.

மற்றொன்று, நனைந்ததை உலர்த்தும் இடம் பற்றியது. கரையிலேயே மெத்தையைக் காய வைத்தால் நாள் முழுதும் காத்திருக்க நேரிடும். நாங்கள் அறந்தாங்கி வழியாக உள்நாடு திரும்பி, திருமயத்தைக் கடந்து மதுரைச் சாலையில் உள்ள காட்டுபாவா பள்ளிவாசலில் லுஹர் தொழுதோம். அங்குத் திறந்த வெளியில் கதவுகளையெல்லாம் விரியத் திறந்து மெத்தைகளை வெயிலில் சாய்த்து வைத்தோம். அஸருக்குள் எல்லாம் உலர்ந்துவிட்டன. கரை கொடுத்த ஈரத்தை உள்நாட்டு வெயில் வாங்கிக்கொண்டது.

உயிருக்கு உலை வைக்கும் தவறு

இனிச் சொல்வதைக் குடும்பத்தார் அனைவரும் ஊன்றிப் படிக்க வேண்டுகிறேன். ஈரம் வருகிறதே என்று சிலர் எல்லா இடுக்குகளையும் அடைத்துவிடுகின்றனர். வேறு சிலர் நீர் வடியத் தரையில் துளையிட்டு, அதைச் சுற்றி அடைக்காமல் விட்டுவிடுகின்றனர். அடியிலோ அருகிலோ ஜெனரேட்டர் ஓடினால் இவ்விரண்டும் சேர்ந்து மரணப் பொறியாகிவிடும்.

2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரை அருகே சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். குளிர்சாதனத்துக்காக ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு வாயு, வண்டித் தளத்தின் துளை வழியே உள்ளே புகுந்ததை வல்லுநர்கள் சோதனை நடத்திக் கண்டறிந்தனர். அவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவரை எழுப்பாமலேயே கொண்டு போய்விடும்.

ஆதலால் ஜெனரேட்டரையோ வண்டியின் எஞ்சினையோ ஓடவிட்டு எவரும் வண்டிக்குள் உறங்கலாகாது. வீட்டு மின்சாரம் அல்லது மின்கலம் கொண்டே குளிர்சாதனத்தை இயக்குங்கள். அவை இல்லாத இடத்தில் சன்னலைத் திறந்து கொசுவலை கட்டி உறங்குங்கள். தரைத்துளைகளில் குழாயைச் சுற்றி இரப்பர் வளையம் இட்டு இறுக அடையுங்கள். தூய காற்று வர மேற்புறத்தில் சிறு வழி இருக்கட்டும். அதனால் சிறிதளவு ஈரம் வந்தாலும் துடைத்துக்கொள்ளலாம். போன உயிரை மீட்க இயலாது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கை மணியும் கடைகளில் கிடைக்கிறது. வாடகைக்கு எடுப்போர் வண்டியின் அழகைப் பார்க்கும் முன் அந்த மணி உண்டா என்று கேளுங்கள்.

இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் என்னும் குகை இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் சமணத் துறவியர் பாறையில் செதுக்கிய படுக்கைகளை அங்கே இன்றும் காணலாம். மேலே நிழல் தரும் பாறை. ஒரு புறம் முழுதும் திறந்த வெளி. துறவியரின் கல் படுக்கைக்கும் நம் மெத்தைக்கும் எவ்வளவோ தூரம். எனினும் உறங்குமிடத்தில் காற்று வந்து போக வேண்டும் என்னும் விதி அன்றும் இன்றும் ஒன்றே.

காற்றும் நீரும் இறைவனின் அருட்கொடைகள். ஒன்றினுள் மற்றொன்றை அவன் மறைத்து வைத்திருக்கிறான். அந்த மறைபொருளை அறிந்து நடப்போர் உலர்ந்த படுக்கையில் நலமாக உறங்கி, நலமாக விழித்தெழுவர். உங்கள் பயணங்கள் அனைத்தையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானவையாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.